மூன்று பள்ளிக்கூடங்கள் பார்த்த மழைக்காலம்

எங்கள் மூத்த மகள் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பை முடிக்கவிருந்த ஆண்டு முழுக்க எனக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலைதான். நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நான் ஆண்கள் வார்டில் அட்டெண்டனாக இருந்தேன். நோயாளிகளைத் தூக்கி உட்கார வைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, மலச்சட்டி எடுப்பது, விடியும்முன் எல்லோரையும் துடைத்துச் சுத்தம் செய்து காலை நர்ஸ் மிஸ்ஸிகளிடம் ஒப்படைப்பது, இவைதான் என் வேலை. அதன்பிறகு சைக்கிளை மிதித்துக்கொண்டு காஜா பெராங்கில் இருந்த வீட்டுக்கு வந்து சேரும்போது என் மனைவி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள். தெங்கேராவில் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், அவர் வீட்டில் அவள் சமையலும் துணி துவைப்பும் பார்த்தாள். சாயங்காலம் அவள் திரும்பி வரும்போது நான் கிளம்பிக்கொண்டிருப்பேன். வாசற்படியில் நாங்கள் ஒருவரையொருவர் கடந்துபோன அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் குடும்பத்தின் பெரிய விஷயங்களையெல்லாம் பேசி முடித்தாக வேண்டும்.

நாங்கள் குடியிருந்தது ஒரு வீட்டின் பாதி. மறுபாதியில் மலாக்காச் செட்டிக் குடும்பம் ஒன்று இருந்தது. பல தலைமுறைகளாக இந்த ஊர்க்காரர்கள். சாமி கும்பிடுவதும் பொங்கல் வைப்பதும் எங்களைப்போலத்தான். ஆனால் வீட்டில் பேசுவது ஒருவித மலாய். நடுநடுவே ஒரு தமிழ்ச் சொல் வந்து விழும். அந்த வீட்டம்மாளை நாங்கள் ‘காக்’ என்று கூப்பிடுவோம், அக்கா என்கிற அர்த்தத்தில். காலை வேளையில், நான் படுத்துத் தூங்க, எங்கள் கடைக்குட்டியைக் கண்ணில் வைத்துக்கொண்டவர் அவர்தான். பெரியவள் பள்ளிவிட்டு வந்ததும் தங்கையை வாங்கிக்கொள்வாள். நடுவில் ஒரு பையன். அவனும் அதே தமிழ்ப் பள்ளியில் படித்தான்.

அக்டோபர் கடைசியில் தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியர் சொல்லி அனுப்பினார் என்று வேலை முடிந்த கையோடு போனேன். மகள் தேர்வை நன்றாக எழுதியிருக்கிறாள், தேறிவிடுவாள் என்று நினைப்பதாகச் சொன்னார். தேறினால் இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர வேண்டும். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் மற்றவர்களோடு சேர்ந்து படிக்கும்முன் ஓராண்டு மொழியைப் பழகிக்கொள்வதற்கான வகுப்பு அது. எங்கள் வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகள் மூன்று. பள்ளி ஆண்டு முடிவதற்குள் எது வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும்.

எது நல்லது என்று அவரிடமே கேட்டேன்.

“எம் பிள்ளைங்கள நான் முதல்லேர்ந்தே இங்கிலீஷ் பள்ளியில போட்டுட்டேன்,” என்றார். “அதனால இதுல எனக்கு அனுபவம் இல்ல. நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க.”

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூசாமல் உண்மையைச் சொன்ன மனிதர் அவர் ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் கேட்காமலே ஆலோசனை சொன்னார்கள். வார்டில் காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர், கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியை விட்டால் வேறு பள்ளியே இல்லை என்றார். ஆம்புலன்ஸ் ஓட்டிய மலாய்க்காரர், இனிமேல் எல்லாம் மலாய்தான், புதிதாகத் தொடங்கியிருக்கும் மலாய் இடைநிலைப்பள்ளியில் சேர்த்துவிடு என்றார். துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் வெள்ளிக்கிழமை பார்த்த ஒருவர், ஒரு செட்டியார் கடைக் கணக்கர், பெண் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு போதாதா என்று என் மனைவியிடமே கேட்டிருக்கிறார். அவள் வீட்டுக்கு வந்து என்னிடம்தான் பேசினாள்.

“ஆளாளுக்குச் சொல்றத இனிமே எங்கிட்ட சொல்லாதீங்க. போய்ப் பாருங்க. பாத்தத வந்து சொல்லுங்க. நானும் போய்ப் பாக்கறேன். ரெண்டு பேரும் பாத்தபிறகு பேசுவோம்.”

நான் தோட்டத்துப் பள்ளியில் நாலாவதோடு நின்றவன். நோயாளிகள் விட்டுப்போகும் தமிழ்ப் பத்திரிகைகளைப் படித்துப் படித்து எழுத்தை மறக்காமல் வைத்திருந்தேன். அவள் இரண்டாவதுகூட முடிக்கவில்லை. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் நிறுத்திவிட்டார்கள். பள்ளியைப் பார்ப்பது என்றால் எதைப் பார்ப்பது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. ஒன்றாகப் போயிருந்தால் ஒருவருக்கொருவர் தைரியமாக இருந்திருக்கும். அதற்கு எங்கள் வேலை நேரம் இடம் கொடுக்கவில்லை.

முதலில் நான் கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்குப் போனேன். அன்று வார்டில் ஓர் உயிர் போயிருந்தது. உடலைத் துடைத்துக் கட்டி அனுப்பிவிட்டு நேராகப் போனேன். மழைத் தூறல். அலுவலகத்துக்கு வெளியே ஒரு நீளமான பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். சிவப்புச் சிமெண்டுத் தரை, முகம் தெரியும் அளவுக்குத் தேய்த்துவிட்டிருந்தார்கள். பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் ஏதோ ஒன்றைச் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடல் பக்கமிருந்து காற்று வந்தது. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

யாரோ பெஞ்சின் முனையை விரலால் தட்டினார்கள். கண்ணைத் திறந்தால் வயதான வெள்ளைக்கார மதர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நான் பெஞ்சில் கால் நீட்டிப் படுத்திருந்தேன். எப்போது படுத்தேன் என்று தெரியவில்லை. ஓய்வு மணி அடித்து, பிள்ளைகள் சாப்பிடப் போய்த் திரும்பியும் வந்துவிட்டார்களாம். எல்லோரும் என்னைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். உடம்புக்கு முடியவில்லையா என்று மதர் மலாயில் கேட்டார். அவருடைய மலாய் என் மலாயைவிடத் தடுமாறியது. ஆஸ்பத்திரியில் இரவு வேலை என்று சொன்னேன். அவர் தலையசைத்து, விடுதியில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், தானும் இரவெல்லாம் கண் மூடவில்லை என்றார். அவர் முகத்திலும் அது தெரிந்தது. இன்னொரு நாள் பிள்ளையின் தாயோடு வாருங்கள் என்று சொல்லி உள்ளே போய்விட்டார். கேட்கவேண்டும் என்று மனத்தில் அடுக்கிக்கொண்டு போன எதையும் நான் கேட்கவில்லை.

சாயங்காலம் வாசலில் மனைவி கேட்டாள், பள்ளிக்கூடம் எப்படி என்று.

“பெஞ்சு நல்லா இருக்கு,” என்றேன்.

நடந்ததைச் சொன்னதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அன்று ஒருநாள்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் அவள் போனாள். தவுக்கே வீட்டம்மாளிடம் அரை நாள் கேட்டு வாங்கினாள். அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வருவதாக ஒப்புக்கொண்டாள். அவள் அலுவலகப் பக்கமே போகவில்லை. கோயிலில் பழக்கமான ஒரு பெண் அங்கே கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தாள். அவளைப் பிடித்துப் பின்வாசல் வழியாகப் போய்க் கக்கூஸைப் பார்த்தாள். குழாயைத் திறந்து பார்த்தாள். பிள்ளைகள் சாப்பிடும் இடத்தைப் பார்த்தாள். எல்லாம் சுத்தம், டீச்சர்கள் கத்துவதில்லை என்று வந்து சொன்னாள். ஆனால் சொன்ன முகத்தில் சந்தோஷம் இல்லை. என்னவென்று கேட்டேன். புகுமுக வகுப்புப் பிள்ளைகள் மட்டும் ஓய்வு நேரத்தில் ஒரு மரத்தடியில் தனியாக உட்கார்ந்து, கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டார்களாம்.

“யாரும் வெரட்டல. அதுங்களாத்தான் போய் உக்காந்துக்குது,” என்றாள். “அதுதான் எனக்குப் பிடிக்கல.”

அரசாங்கத்தின் பெண்கள் இங்கிலீஷ் பள்ளிக்குப் போனபோது நான் உஷாராக நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. கிளார்க் பேசிய இங்கிலீஷ் எனக்குப் பிடிபடவில்லை. அப்போது சேலை கட்டிய ஒரு டீச்சர் அந்தப் பக்கமாக வந்தார். பார்த்தவுடன் தமிழர் என்று தெரிந்தது. எனக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது. தமிழில் வணக்கம் சொல்லி விஷயத்தைச் சொன்னேன். அவர் இங்கிலீஷில் பதில் சொன்னார். நான் விழித்ததைப் பார்த்து மலாய்க்கு மாறினார். வகுப்பு காலையில் என்றார். இடம் கிடைப்பது தேர்வு முடிவைப் பொறுத்தது என்றார். ஒரு வார்த்தைகூடத் தமிழில் சொல்லாமல், கையில் இருந்த புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டார். வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வரும்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. தமிழச்சிதான், ஆனால் தமிழ் வாயில் வராதாம் என்று மனைவியிடம் சொன்னேன். அந்தப் பள்ளி வேண்டாம் என்று என் மனத்தில் முடிவே கட்டிவிட்டேன்.

அவள் போன அன்று நல்ல மழை. பள்ளி முடியும் நேரத்தில் போய், வாசலுக்கு எதிரில் இருந்த பஸ் நிறுத்தத்தில் நின்று பிள்ளைகள் வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். குடை பிடித்துக்கொண்டு அதே டீச்சர் பஸ்ஸுக்கு வந்தார். இவள் நனைவதைப் பார்த்துக் குடைக்குள் கூப்பிட்டார், தமிழில். அதுவும் எங்கள் தோட்டப்புறத் தமிழில். அவருடைய அப்பா ஜாசின் பக்கத்தில் ஒரு கித்தா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டினவராம். இவள் விடவில்லை. என் வீட்டுக்காரர் வந்தபோது ஏன் தமிழில் பேசவில்லை என்று கேட்டேவிட்டாள். அந்த டீச்சர் கோபப்படவில்லையாம். பள்ளிக் கேட்டுக்குள் தான் ஒரு வார்த்தை தமிழ் பேசினாலும் புகுமுக வகுப்புப் பிள்ளைகள் தன்னைச் சுற்றிக்கொண்டு அழுமாம். அழுது அழுது தமிழிலேயே இருந்துவிடுமாம். அதனால் வாசலைத் தாண்டும்போதே வாயைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னார்.

பஸ் வந்தபோது ஏறப்போனவர் திரும்பி ஒன்று சொன்னாராம். என் மனைவி அதை எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினாள்.

“மூணாவது மாசம் போல ஒங்க மக இனிமே பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு சொல்லும். எல்லாப் பிள்ளையும் சொல்லும். அன்னிக்கு மட்டும் எரக்கப்பட்டு நிறுத்திடாதீங்க அக்கா.”

மூன்றாவது மலாய்ப் பள்ளி. அதற்கென்று ஒரு கட்டடம் அப்போது இல்லை. புக்கிட் காதில் பக்கம் கட்டப்போவதாகப் பேச்சு. அதுவரை வேறு ஒரு பள்ளியின் அறைகளைக் கடன் வாங்கி மத்தியானத்தில் நடத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது வசதி. கொஞ்சம் தூங்கி எழுந்து போனேன். இளவயதுத் தலைமையாசிரியர், சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, காலைப் பிள்ளைகள் கலைத்துப்போட்ட மேசைகளைத் தானே இழுத்து வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். பிறகு கோப்பி வரவழைத்துக் கொடுத்தார். எங்கள் மகள் அடுத்த வீட்டுப் பிள்ளைகளோடு வளர்ந்தவள், மலாய் சரளமாகப் பேசுவாள் என்று சொன்னதும் அவருக்கு மகிழ்ச்சி. சில பாடங்களுக்கு இன்னும் புத்தகம் வரவில்லை, அறிவியலுக்கு ஆசிரியர் வரவில்லை என்று அவராகவே சொன்னார். ஆனால் இந்த நாட்டில் இனிமேல் வேலைகள் இந்த மொழியில்தான் வரும், இன்றைக்குத் தொடங்குகிறவர்கள் முன்னால் நிற்பார்கள் என்றார். பேசும்போது அவர் குரலில் இருந்த நம்பிக்கை என்னையும் பிடித்துக்கொண்டது. எந்தப் பள்ளியிலும் என்னை நிமிர்ந்து பார்த்து அவ்வளவு நேரம் பேசியவர் இல்லை.

என் மனைவியும் ஒரு நாள் மத்தியானம் போய்ப் பார்த்தாள், அவளுக்கும் அவரைப் பிடித்துப்போனது. ஆனாலும் சொன்னாள்:

“மாஸ்டரு தங்கமான மனுசன். ஆனா கொழாயில தண்ணி இல்ல. காலையில படிச்ச பிள்ளைங்க அசிங்கம் பண்ணிட்டுப் போனதுலதான் இதுங்க போய் நிக்கணும். வூடு திரும்பறப்ப இருட்டிப் போகும்.”

காக்கிடம் கேட்டுப் பார்த்தோம். தன் வீட்டில் பேசுவது புத்தகத்து மலாய் இல்லை, வீட்டு மலாய், அதை நம்பிப் பிள்ளையை அனுப்பாதே என்று அவர் சிரித்தார். அவருடைய பெரிய மகள் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். அடுத்தவள் அங்கேயே பாதியில் விட்டவள். ஒரே பள்ளிதான், ஒருத்தி நன்றாக வந்தாள், ஒருத்தி வரவில்லை, எதை வைத்துச் சொல்வது என்றார்.

நவம்பர் முழுக்க மழை. துவைத்த துணிகள் வீட்டுக்குள்ளேயே தொங்கின. நாங்கள் வாசற்படியில் நின்று பேசினோம். பேச்சு தினமும் ஒரே இடத்தில் போய் முட்டியது. நான் மலாய்ப் பள்ளி என்பேன். நாடு மாறிக்கொண்டிருப்பதை எடுத்துச் சொல்வேன். அவள் இங்கிலீஷ் என்பாள். தவுக்கே வீட்டுப் பெண்கள் இங்கிலீஷ் படித்துவிட்டுப் பேங்கில் வேலை பார்ப்பதை அவள் தினமும் பார்த்தாள். எந்த இங்கிலீஷ் பள்ளி என்பதை அவளும் முடிவு செய்திருக்கவில்லை. ஒருநாள் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் போனபிறகும் அவள் பின்னாலேயே நடந்துவந்து பேசினாள். இன்னொரு நாள் இரண்டு பேருக்கும் பேச வலு இல்லை. அவள் கூரையிலிருந்து ஒழுகிய தண்ணீருக்குச் சட்டி வைத்தாள். நான் மழைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தலைமையாசிரியர் சொன்ன கெடு நெருங்கிவந்தது. எனக்கு வார விடுப்பு விழுந்த ஒரு நாளில் அவளும் விடுப்புக் கேட்டு வாங்கினாள். மகளையும் கூட்டிக்கொண்டு, ஒரே ஒரு தடவை, மூன்று பேருமாகப் போய்க் கடைசியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்வது என்று ஏற்பாடு. காலையில் எல்லோரும் பசியாறினோம். சின்னவளைக் காக்கிடம் விட்டாயிற்று, பையன் பள்ளிக்குப் போய்விட்டான். மனைவி நல்ல சேலை கட்டிக்கொண்டு, சமையல்கட்டுக் கதவோரம் உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். நான் சைக்கிளைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தபோது பின்னி முடிந்திருந்தது. மனைவி சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். கையில் சீப்பு அப்படியே இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

எழுப்பப் போனேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையாட்டினாள். நாங்கள் இருவரும் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தோம். மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. ஒரு மாதமாக அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவளிடம் ஒருதடவைகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“ஒனக்கு எங்க போகணும்னு ஆசை?” என்று கேட்டேன்.

“மத்தியானப் பள்ளிக்கூடம்பா,” என்றாள். யோசிக்கவே இல்லை.

“மலாய்ல படிக்கறதுக்கு ஆசையா இருக்கா?”

“எதுல படிச்சாலும் சரிதான். மத்தியானம்னா காலையில தங்கச்சிய நானே வெச்சுக்குவேன். காக் வூட்டுல விடவேணாம். சத்தமில்லாம நீங்க தூங்கலாம். சோறும் நானே ஆக்கிடுவேன், அம்மா வெள்ளன எந்திரிச்சு அடுப்பு மூட்ட வேணாம். நான் பள்ளிக்கூடம் கெளம்பறப்ப நீங்க எந்திரிச்சிடுவீங்க.”

எல்லாவற்றையும் அவள் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் வாசற்படியில் மொழியையும் வேலையையும் கக்கூஸையும் எடுத்துவைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் சமையல்கட்டில் சட்டி கழுவிக்கொண்டே வேறு ஒன்றை வைத்து ஒப்பிட்டிருக்கிறாள். நல்ல பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“மத்தியானப் பள்ளிக்கூடம் வேணாம்.”

மனைவியின் குரல். திரும்பிப் பார்த்தோம். அவள் அதே இடத்தில், அதே மாதிரி சுவரில் சாய்ந்து, கண்ணை மூடியபடியே இருந்தாள். எப்போது விழித்தாளோ.

“காலையில நடக்கற பள்ளிக்கூடத்துலதான் இவ படிக்கணும்,” என்றாள். “வெள்ளன எந்திரிச்சு, குளிச்சு, மத்த பிள்ளைங்க மாதிரி பைய எடுத்துக்கிட்டுப் போகணும். சோறு ஆக்கறதுக்கு நான் இருக்கேன். அதுக்குத்தான் நான் இருக்கேன்.”

மகள் எழுந்துபோய் அம்மாவின் கையிலிருந்த சீப்பை வாங்கி வைத்தாள். நான் மலாய்ப் பள்ளியைப் பற்றி அதற்குப்பிறகு பேசவில்லை. அந்தத் தலைமையாசிரியர் சொன்னதில் எனக்கு இருந்த நம்பிக்கை குறையவில்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பள்ளியை நான் எடுத்துப் பேசினால் என் தூக்கத்துக்காகப் பேசுவதுபோல் ஆகிவிடும். காலை வகுப்பு என்றால் இரண்டு இங்கிலீஷ் பள்ளிகள். கன்னியாஸ்திரீகளா அரசாங்கமா என்று கேட்டேன். அந்தக் குடைக்கார டீச்சர் இருக்கிற பள்ளி என்றாள் மனைவி. அதோடு பேச்சு முடிந்தது.

அன்று நாங்கள் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. அவள் நல்ல சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு மறுபடியும் படுத்தாள். நானும் படுத்தேன். கல்யாணமாகி அத்தனை ஆண்டுகளில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பகலில் தூங்கியது அன்றுதான். பையன் பள்ளிவிட்டு வந்து யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று பயந்துபோய் அடுத்த வீட்டம்மாளைக் கூப்பிட்டு வந்துவிட்டான்.

மகள் தேறினாள். கேட்ட பள்ளியிலேயே இடமும் கிடைத்தது. சனவரியில் பள்ளி திறந்த முதல் நாள், நான் வேலை முடிந்து வந்து படுத்திருந்தேன். மனைவி தவுக்கே வீட்டில் சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். புதுச் சீருடை, வெள்ளைக் காலணி, நெற்றியில் திருநீறு. நான் இன்னும் சரியாகத் தூங்கவில்லை, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் திரும்பி வந்து நின்றார்கள்.

அந்த ஆண்டு பிள்ளைகள் அதிகமாம். வகுப்பறை போதவில்லையாம். புகுமுக வகுப்பை மத்தியானத்துக்கு மாற்றிவிட்டார்களாம்.

மனைவி இதைச் சொல்லிவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கோபப்படுவாள், கிளார்க்கைத் திட்டுவாள், வேறு பள்ளிக்குப் போகலாம் என்பாள் என்று காத்திருந்தேன். அவள் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சமையல்கட்டில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மகள் சீருடையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, பழைய கவுனோடு அரிசி களைந்துகொண்டிருந்தாள். மனைவி அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு எழுந்து, தலையைச் சரிசெய்துகொண்டு தெங்கேராவுக்குக் கிளம்பினாள். போகும்போது மகளிடம், சோற்றை வடித்துவிட்டுக் கொஞ்சம் படுத்து எழுந்து போ என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஆண்டுதான் எனக்கும் என் மகளுக்கும் பழக்கம் ஏற்பட்டது என்று சொல்ல வேண்டும். அதுவரை நான் தூங்குவதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை. இப்போது காலையில் நான் வந்து படுக்கும்போது அவள் சமையல்கட்டுப் பக்கம் உட்கார்ந்து, தங்கையை மடியில் வைத்துக்கொண்டு, இங்கிலீஷ் பாடத்தை மெல்லிய குரலில் படிப்பாள். எனக்காகத்தான் குரலைத் தாழ்த்துவாள். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பாள். சரியாகப் படிக்கிறாளா தவறாகப் படிக்கிறாளா என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. சின்னவள் அக்காவோடு சேர்ந்து வார்த்தைகளை உளறுவாள். நான் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவேன். விழித்தெழும்போது சோறு மூடி வைத்திருக்கும். மகள் சீருடையில் நின்று தலை வாரிக்கொண்டிருப்பாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

டீச்சர் சொன்ன அந்த மூன்றாவது மாதம் வந்தது. எனக்கு வார விடுப்பு விழுந்த ஒருநாள், இருட்டும் நேரத்தில் மழையில் நனைந்து வந்தவள், இனிமேல் போகமாட்டேன் என்றாள். வகுப்பில் வாயைத் திறந்தால் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்றாள். தமிழ்ப் பள்ளியில் முதல் மாணவியாக இருந்தவள், இங்கே ஒன்றுமே புரியவில்லை என்று பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சரி விடு, ஒரு வாரம் இருந்துவிட்டுப் போ என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன். அவள் நனைந்த காலணிகளை எடுத்துக்கொண்டு போய் அடுப்பின் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். பிறகு வந்து மகளின் தலையைத் துவட்டினாள். மறுநாள் மத்தியானம் காய்ந்த காலணியை நானே எடுத்துக் கொடுத்தேன். மகள் வாங்கி மாட்டிக்கொண்டு போனாள்.

அதன்பிறகு ஆண்டுகள் ஓடின. அவள் வகுப்பில் முன்வரிசைக்கு ஒருபோதும் வரவில்லை. அடுத்தடுத்த வகுப்புகளில் நடுவில் எங்கோ இருந்தாள். கணக்கு நன்றாக வந்தது. இங்கிலீஷ் இழுத்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் படிவத் தேர்வில் தேறினாள், ஆனால் மேலே படிக்க இடம் கிடைக்கும் அளவுக்கு இல்லை. முடிவு வந்த அன்று மனைவி தவுக்கே வீட்டிலிருந்து நேரமே வந்தாள். காலை வகுப்பில் போட்டிருந்தால் நன்றாகப் படித்திருப்பாள் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அது யாருடைய தவறும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த மலாய்த் தலைமையாசிரியரின் பள்ளி அதற்குள் நன்றாக வளர்ந்திருந்தது. அங்கே போட்டிருக்கலாமோ என்று எனக்குள் ஓடியது. சொல்லி என்ன ஆகப்போகிறது?

சில மாதங்கள் கழித்து அவளுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது. நேர்காணலில் மூன்று மொழிகளில் பேசச் சொன்னார்களாம். பள்ளியில் கற்ற இங்கிலீஷ், பிறந்த வீட்டுத் தமிழ், காக் வீட்டு முற்றத்தில் விளையாடிப் பழகிய மலாய் எல்லாமே உதவின. சம்பளம் வாங்கிய முதல் மாதம், தவுக்கே வீட்டு வேலையை விட்டுவிடு என்று அம்மாவிடம் சொன்னாள். மனைவி கேட்கவில்லை. இன்னும் இரண்டு பேர் படிக்க வேண்டுமே என்றாள்.

பையனின் முறை வந்தபோது காலம் வேறாகிவிட்டது. அந்த நுழைவுத் தேர்வையே அரசாங்கம் எடுத்துவிட்டது. ஆறாம் வகுப்பு முடித்த எல்லாப் பிள்ளைகளும் இடைநிலைப்பள்ளிக்குப் போகலாம். எந்தப் பள்ளி என்பதைப் பெரும்பாலும் கல்வி இலாகாவே சொல்லிவிடும். தமிழ்ப் பள்ளியில் அவனுக்கு ஒரு பள்ளியின் பெயரைச் சொன்னார்கள். அவன் வந்து வாசலில் நின்று அதைச் சொன்னான். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவன் அம்மா அப்போதுதான் உள்ளே நுழைந்தாள்.

அந்தப் பள்ளி எப்படிப்பட்டது, போய்ப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். பழக்கதோஷம்.

“பாத்து என்ன செய்யப் போறோம்?” என்றாள் அவள். கூடையைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். “போகட்டும். காலையிலயா மத்தியானமான்னு மட்டும் கேட்டுட்டு வரச் சொல்லுங்க. சோறு எப்ப ஆக்கறதுன்னு எனக்குத் தெரியணும்.”

பையன் கேட்டு வருவதற்காக ஓடினான். நான் சைக்கிளை எடுத்தேன்.